பிறர் பேசாதிருப்பதன் பெறுமதி: அலைக்கற்றையும் செய்மதியும்

ஐப்பசியில், பின்னேரம் மூன்று மணிக்கு மேல் கொழும்பு வானம் இருட்டினால், வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் முதலில் நின்றுபோவது டிஷ் தொலைக்காட்சிதான். மழை முற்றத்தில் விழ முன்னரே படம் கட்டம் கட்டமாக உடைந்து, 'சிக்னல் இல்லை' என்று திரையில் வந்துவிடும். அந்த நேரத்தில் கையடக்கத் தொலைபேசி ஒழுங்காக வேலை செய்கிறது. எஃப்எம் வானொலி பாடுகிறது. காலி வீதியில் ஓடும் முச்சக்கர வண்டியின் வரைபடத்தில் நீலப் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கிறது. எல்லாமே ஒரே ஆகாயத்தின் வழியாக வருபவை. இவற்றில் ஒன்று மட்டும் மழைக்கு ஏன் தோற்கிறது என்று விளங்கினால், அலைக்கற்றையின் ஒரு துண்டுக்கு அரசுகள் ஏன் கோடிக்கணக்கில் விலை கேட்கின்றன என்பதும் பாதி விளங்கிவிடும்.

விடை அலையின் நீளத்தில் இருக்கிறது. வீட்டு டிஷ் வாங்கும் கேயூ பேண்ட் என்ற பட்டையின் மீடிறன், அதாவது அலை நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பது, சுமார் 12 கிகாஹேர்ட்ஸ். அதன் அலைநீளம் இரண்டரை சென்ரிமீற்றர். கனமழைத் துளியின் அளவு சில மில்லிமீற்றர். அலை சிறுக்கச் சிறுக்கத் துளிகள் அதன் சக்தியை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் பெய்யும் மழைக்குள் 12 கிகாஹேர்ட்ஸ் அலை ஒரு கிலோமீற்றர் போனால் ஏறக்குறைய 5 டெசிபெல் இழக்கும். மூன்றில் ஒரு பங்கு சக்திதான் மிஞ்சும். அதே மழையில் சீ பேண்ட் எனப்படும் 4 கிகாஹேர்ட்ஸ் அலை இழப்பது ஒரு டெசிபெலில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. எஃப்எம் அலையின் நீளம் மூன்று மீற்றர். அதற்கு மழை பெய்கிறதா இல்லையா என்பதே தெரியாது.

93.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு மேலே நிற்கும் இந்தியச் செய்மதி ஒன்றைக் கொழும்பிலிருந்து பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப்படி அது அடிவானத்திலிருந்து 72 பாகை உயரத்தில், கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில் இருக்கும். ஆனால் மொட்டைமாடியில் டிஷ் அவ்வளவு மேலே பார்ப்பதில்லை. 45 பாகையை ஒட்டித்தான் சாய்ந்திருக்கும். வீட்டு டிஷ்கள் ஒருபக்கம் விலகிய வடிவத்தில் செய்யப்பட்டவை என்பதால், தட்டு பார்க்கும் திசையைவிட 25 பாகை அளவுக்கு மேலிருந்துதான் அலையை வாங்கும். இதை அறியாமல் தட்டை நேரே வானத்துக்குத் திருப்பி ஒரு பகல் முழுவதும் அலைக்கழிபவர்கள் உண்டு. 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் பார்வைக் கோணம் மூன்று பாகைக்கும் குறைவு. காற்றில் தாங்கி தளர்ந்து, ஒரு விளிம்பு எதிர் விளிம்பைவிட ஒன்றரை சென்ரிமீற்றர் நகர்ந்தால் வந்த சக்தி பாதியாகிவிடும். வெயிலில் அப்போதும் படம் தெரியும். முதல் மழையோடு போய்விடும். 'மழை வந்தால் டிஷ் நிற்கும்' என்று சலித்துக்கொள்பவர்களில் பலருக்கு உண்மையான குறை இந்த ஒன்றரை சென்ரிமீற்றர்தான்.

கடற்கரையோரத்தில் இன்னொரு குறை கூடச் சேரும். டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கிப் பெருக்கும் சிறு பெட்டியான எல்என்பிக்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ற்று மின்சாரம் அதே கோஎக்சியல் கேபிளின் வழியாகத்தான் மேலே போகிறது. இணைப்பானுக்குள் உப்பு ஈரம் புகுந்தால் மின்னோட்டத்தோடு சேர்ந்து செம்பைத் தின்று பச்சைப் பொடியாக்கிவிடும். இணைப்பானை இறப்பர் நாடாவால் இறுகச் சுற்றி, கேபிளை எல்என்பிக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் நீர் வளையத்தின் அடியில் சொட்டிப் போகும், உள்ளே ஏறாது. மார்ச் 17 ஐயும் செப்டெம்பர் 26 ஐயும் அண்டிய சில நாட்களில் முற்பகல் 11 மணியளவில் சில நிமிடங்கள் படம் போகுமானால், யாரையும் கூப்பிட வேண்டாம். சூரியன் செய்மதிக்குச் சரியாகப் பின்னால் வந்து தன் இரைச்சலால் டிஷ்ஷை நிரப்புகிறது.

ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு குணம்

அலைக்கற்றையைக் காணிக்கு ஒப்பிடுவது வழக்கம். எல்லை உண்டு, உறுதி உண்டு, அயலவன் வேலியைத் தள்ளிப் போடுவதும் உண்டு. வயலும் மேட்டுநிலமும் ஒரே விலை போகாதது போல, 700 மெகாஹேர்ட்ஸும் 3,500 மெகாஹேர்ட்ஸும் ஒரே விலை போவதில்லை. மீடிறன் ஐந்து மடங்கானால், வெட்டவெளியில்கூட ஒரே மாதிரி அலைவாங்கிக்கு வந்து சேரும் சக்தி 14 டெசிபெல் குறையும். அதாவது 25இல் ஒரு பங்காகும். சுவர், மரம், மலைமுகடு என்று வந்தால் இடைவெளி இன்னும் விரியும். கொள்ளுப்பிட்டியில் இது பெரிய விடயமல்ல. அங்கே ஒவ்வொரு சந்தியிலும் கோபுரம் உண்டு, தேவைப்படுவது கொள்ளளவு. மஸ்கெலியாவில் மலைமடிப்புக்குள் இருக்கும் லயன் வீடுகளுக்கு இதுவே எல்லாம். ஒரு தோட்டப் பிரிவை 700 மெகாஹேர்ட்ஸில் ஒரு கோபுரத்தின் சிக்னலால் எட்டலாம் என்றால், உயர்ந்த பட்டையில் பல கோபுரங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பாதை, மின்சாரம், காவல், டீசல். அந்தக் கணக்கில்தான் பிள்ளை வீட்டிலிருந்தபடி பாடம் பார்க்குமா, பாறை மேல் ஏறி நிற்குமா என்பது முடிவாகிறது.

இந்த நல்ல நிலத்தில் இலங்கையில் நெடுங்காலமாகக் குடியிருப்பது பழைய அனலொக் தொலைக்காட்சி. ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு அது 8 மெகாஹேர்ட்ஸை முழுதாக எடுத்துக்கொள்கிறது. டிஜிட்டல் முறையில் அதே இடத்தில் பல நிகழ்ச்சிகளை அடுக்கலாம். நாடு 2014இல் ஜப்பானிய டிஜிட்டல் தரத்தைத் தெரிவுசெய்தது. அதன்பின் மாற்றம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. இந்தத் தாமதத்தின் விலை எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஒரு வரியாக வராது. ஆனால் மலையகத்தில் அது தினமும் செலுத்தப்படுகிறது.

காணி உவமை ஓரிடத்தில் உடைகிறது. அலைக்கற்றை தேயாது, உழுதால் உரம் குறையாது, சேமித்து வைக்கவும் முடியாது. நேற்று யாரும் பயன்படுத்தாத ஒரு மணிநேர அலைக்கற்றை நேற்றோடு போயிற்று. விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்த பட்டை, குதிரில் இருக்கும் நெல் அல்ல. ஓடிப்போன ஆற்று நீர்.

வாங்குவது எதை?

அலைக்கற்றை உரிமம் வாங்குகிற நிறுவனம் எந்தப் பொருளையும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. 'இந்தப் பட்டையில், இந்தப் பரப்பில், வேறு யாரும் பேசமாட்டார்கள்' என்ற உறுதியைத்தான் வாங்குகிறது. இதைச் சும்மா சொல்லவில்லை, கணக்காகவே காட்டலாம். ஒரு அலைப்பாதை சுமக்கக்கூடிய தகவலின் உச்ச எல்லையை அதன் அகலமும், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமும் தீர்மானிக்கின்றன. 10 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் சிக்னல் இரைச்சலைவிட 100 மடங்கு வலுவாக இருந்தால் நொடிக்கு 66 மெகாபிட் வரை அனுப்பலாம். இரைச்சல் ஏறி சிக்னலுக்குச் சமமாகிவிட்டால் அதே 10 மெகாஹேர்ட்ஸ் 10 மெகாபிட்டைத் தாண்டாது. உரிமப் பத்திரம் மாறவில்லை, கட்டணம் மாறவில்லை. பெறுமதி ஆறில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது.

இரைச்சல் எப்படி ஏறுகிறது? கொழும்பு போன்ற நெரிசலான நகரத்தில் இதற்குச் சலிக்காமல் தரக்கூடிய உதாரணம், அனுமதியில்லாத 'சிக்னல் பூஸ்டர்'. கடையின் உள்ளறையில் தொலைபேசி எடுக்கவில்லை என்று ஒருவர் இணையத்தில் மலிவாக ஒன்றை வாங்கி, ஓர் அலைவாங்கியைக் கூரையிலும் மற்றதைக் கூரைக்குக் கீழேயும் பொருத்துகிறார். பெட்டி 65, 70 டெசிபெல் பெருக்கும். இரண்டு அலைவாங்கிகளுக்கும் இடையிலான தடுப்பு அந்தப் பெருக்கத்தைவிடக் குறைந்தது 15 டெசிபெல் கூடுதலாக இருக்க வேண்டும். நடுவில் இருப்பதோ ஒரு தகரக் கூரை, அல்லது ஐந்து அங்குலக் கொங்கிரீட். மேடையில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடித்தால் கீச்சிடுமே, அப்படியே இந்தப் பெட்டியும் தன் வெளியீட்டைத் தானே கேட்டுக் கூவத் தொடங்கும். அந்தக் கூவல் தொலைபேசிகள் கோபுரத்துக்குப் பேசும் பட்டையில் விழும். கோபுரத்துக்கு ஊர் முழுக்க ஒரே இரைச்சல். கடைக்காரருக்கு நான்கு கோடு சிக்னல் தெரிகிறது; பக்கத்து மூன்று தெருக்களில் அழைப்புகள் அறுகின்றன.

இதைப் பிடிக்கிற முறை பொறுமையானது. கோபுரத்தின் எந்தப் பக்க அலைவாங்கியில் இரைச்சல் ஏறியிருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு எந்த மீடிறனில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று காட்டும் அலைமாலைப் பகுப்பானோடும் திசை காட்டும் யாகி அலைவாங்கியோடும் வாகனத்தில் அந்தப் பக்கம் போவார்கள். கட்டடச் சுவர்களில் அலை தெறிப்பதால் யாகி காட்டும் திசை பொய்யாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று இடங்களில் நின்று பார்த்த பிறகே வீடு தெரியும். இலங்கையில் இந்த அதிகாரம் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு உரியது. ஒழுங்குபடுத்துநரை உரிமம் கொடுக்கும் கருமபீடமாகவே பலரும் நினைக்கிறார்கள். விற்ற பண்டம் அமைதி என்றால், அந்த அமைதியைக் காக்கும் வாகனமும் கருவியும் ஆட்களும்தான் அந்த நிறுவனத்தின் முதுகெலும்பு.

ஏலத்தில் தெரியும் விலையும் தெரியாத விலையும்

அலைக்கற்றையைச் சந்தையில் விற்கலாம் என்று 1959இலேயே பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் வாதிட்டார். அப்போது அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நியூசிலாந்து 1990ஐ ஒட்டி ஏலத்தில் இறங்கியபோது, அதிக விலை கேட்டவர் இரண்டாவது விலையைக் கட்டினால் போதும் என்று விதி வைத்தது. குறைந்தபட்ச விலை வைக்கவில்லை. ஒருவர் 1,00,000 டொலர் கேட்டார். அடுத்தவர் கேட்டது 6 டொலர். உரிமம் 6 டொலருக்குப் போனது. எதிர்ப்பக்கத் தவறு இந்தியாவில் நடந்தது. 700 மெகாஹேர்ட்ஸ் பட்டைக்கு 2016 ஏலத்தில் வைத்த அடிவிலைக்கு ஒருவரும் கைதூக்கவில்லை, 2021இலும் இல்லை. விலையைக் குறைத்த பிறகு 2022இல்தான் அது விற்றது. கிராமங்களுக்கென்றே பொருந்திய பட்டை ஆறு ஆண்டுகள் சும்மா கிடந்தது. எங்கள் பார்வையில் இரண்டாவது தவறுதான் பெரிது. 6 டொலருக்குப் போன உரிமத்தில் அரசு வருமானத்தை இழந்தது. ஆனால் அந்த அலை பயன்படுத்தக்கூடிய ஒருவர் கைக்குப் போனது.

பயன்படும் அலை என்ன செய்யும் என்பதற்கு நம் அக்கரையிலேயே அளந்து பார்த்த சான்று உண்டு. 1997க்கும் 2001க்கும் இடையில் கேரளத்தின் வடக்குக் கடற்கரையில் கையடக்கத் தொலைபேசி வந்தபோது மீன் சந்தைகளில் என்ன நடந்தது என்று பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். அதற்கு முன் ஒரு கரையில் மீன் விலைபோகாமல் கொட்டப்படும். சில கிலோமீற்றர் தள்ளி இன்னொரு கரையில் வாங்க மீன் இராது. கடலிலிருந்தே சந்தையைக் கேட்டறிய முடிந்ததும் வீண்போதல் ஏறக்குறைய நின்றது. மீனவரின் இலாபம் 8 வீதம் கூடியது, வாங்குபவர் கொடுக்கும் விலை 4 வீதம் குறைந்தது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒன்றாக நன்மை வருவது அரிது. இந்த ஆதாயத்தில் ஒரு சதமும் ஏலத் தொகையில் தெரியாது.

இன்னும் பழைய சான்று கொழும்பிலேயே இருக்கிறது. இங்கே வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரையொட்டிப் பிரித்தானியர் தம் படைகளுக்காக ஏக்கலையில் நிறுவிய 100 கிலோவாற்று சிற்றலைப் பரப்பி பின்னர் ரேடியோ சிலோனின் கைக்கு வந்தது. 1950களில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, துணைக்கண்டம் முழுவதும் கொழும்புக்குத் திருப்பியது. தமிழ்நாட்டு வீடுகளில் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் கேட்டது. இந்திய வணிகர்களின் விளம்பரப் பணம் இந்தச் சிறு தீவுக்கு வந்தது. சிற்றலை மேல்வளியின் மின்னேற்றப் படலத்தில் தெறித்து நூற்றுக்கணக்கான மைல் தாண்டும் என்ற ஒரே இயல்பிலிருந்து ஒரு ஏற்றுமதித் தொழில் பிறந்தது. அந்தப் பட்டையை அன்று ஏலம் போட்டிருந்தால் அதைப் போர்க்காலத் தளவாடமாக மட்டுமே மதித்திருப்பார்கள்.

சீ பேண்டில் நடக்கும் இழுபறி

மழைநாடுகளுக்குச் சீ பேண்ட் ஏன் அருமை என்று மேலே சொன்னோம். தொலைக்காட்சி நிலையங்களும் கேபிள் நிறுவனங்களும் மூன்று மீற்றர் டிஷ் வைத்து 3.4 முதல் 4.2 கிகாஹேர்ட்ஸ் வரை வாங்குவது, ஐப்பசி மழையிலும் அறாத இணைப்புக்காக. அதே இடத்தின் கீழ்ப்பாதியையும் சேர்த்து எடுக்கும் 3.3 முதல் 3.8 கிகாஹேர்ட்ஸ்தான் இன்று உலகெங்கும் 5ஜியின் முதன்மைப் பட்டை.

மோதல் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். செய்மதி 36,000 கிலோமீற்றரில் இருக்கிறது, 5ஜி கோபுரம் 500 மீற்றரில். இரண்டும் ஒரே சக்தியைப் பரப்பினாலும், தூரத்தால் மட்டும் கோபுரத்தின் அலை சுமார் 500 கோடி மடங்கு வலுவாக வரும். டிஷ் அந்தப் பக்கம் பார்க்காவிட்டாலும் ஓரங்களால் கசிந்து நுழைவது போதும். எல்என்பி தன் முழுப் பட்டையையும் ஒரே பெருக்கியில் வாங்குவதால், ஒரு மூலையில் வரும் பலத்த அலை பெருக்கியைத் திணறடித்துவிடும். அதனால் 5ஜி இருக்கும் 3.6இல் மட்டுமல்ல, 4.1இல் இருக்கும் அலைவரிசையும் சேர்ந்தே மறைகிறது. இதைப் பார்த்து 'செய்மதியில் கோளாறு' என்று நினைத்து எல்என்பியை மாற்றிக்கொண்டே இருப்பதுண்டு. புது எல்என்பியும் அதே மாதிரித் திணறும்.

மருந்து ஓர் உலோக அலைவழி வடிகட்டி. கையளவு நீளம், ஒரு பக்கத்தில் வரிசையாகத் திருகாணிகள். அதை, டிஷ் குவிக்கும் அலையை முதலில் வாங்கும் ஊட்டுகொம்புக்கும் எல்என்பிக்கும் நடுவில் பொருத்த வேண்டும். எல்என்பிக்குப் பின்னால் கேபிளில் போட்டால் பயனில்லை. திணறல் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். வடிகட்டி அரை டெசிபெல் அளவு நல்ல சிக்னலையும் தின்னும் என்பதால், ஏற்கனவே விளிம்பில் ஓடும் சிறிய டிஷ்ஷுக்கு அது தாங்காது, பெரிதாக்க வேண்டியிருக்கும். 5ஜிக்கும் செய்மதிக்கும் நடுவே வெற்றுக் காவல் இடைவெளியும் வேண்டும், ஏனெனில் எந்த வடிகட்டியும் செங்குத்தாக வெட்டாது. ஐக்கிய அமெரிக்கா இந்தப் பட்டையை 2021இல் 81 பில்லியன் டொலருக்கு ஏலம் விட்டபோது, விரைவாக விலகித் தருவதற்கு மட்டுமே செய்மதி நிறுவனங்களுக்கு 9.7 பில்லியன் டொலர் ஒதுக்கியது. நம் போன்ற நாட்டில் அப்படிக் கொடுக்க ஆளில்லை. வடிகட்டியின் விலையைச் சின்னக் கேபிள்காரரின் தலையில் போட்டுவிடுவது சுலபம், அது நியாயமில்லை. 5ஜி ஏல நிபந்தனையிலேயே அந்தச் செலவை எழுதிவைக்க வேண்டும்.

வானத்து வளையம்

பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிபவை நிலையான செய்மதிகள். அவை நிற்கும் வளையத்தைப் பற்றி அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945 ஒக்டோபரில் எழுதினார். 1956இல் இலங்கைக்கு வந்த அவர் 2008இல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தார். 1975இல் இந்தியா தன் கிராமத் தொலைக்காட்சிச் செய்மதிப் பரிசோதனையின்போது கொழும்பு பாண்ஸ் பிளேஸ் வீட்டில் அவருக்கென்றே ஒரு டிஷ் அமைத்துக் கொடுத்தது. பூமத்திய கோட்டுக்கு நேர்மேலே 35,786 கிலோமீற்றரில், சுற்றளவு 2,65,000 கிலோமீற்றர் கொண்ட வளையம் அது. இவ்வளவு பெரிய இடத்தில் நெருக்கடி எங்கே என்று தோன்றும். அடுத்தடுத்த செய்மதிகள் இரண்டு பாகை தள்ளி நின்றால், நடுவில் ஏறக்குறைய 1,470 கிலோமீற்றர். இடிபட வாய்ப்பே இல்லை. ஆனால் வெள்ளவத்தை மாடியில் உள்ள 60 சென்ரிமீற்றர் டிஷ் மூன்று பாகையை ஒன்றாகப் பார்க்கிறதே; அதன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எனவே நெருக்கடி வளையத்தில் அல்ல, கீழே உள்ள டிஷ்களின் கண்ணில். இங்கேயும் விலைபோவது அயலவரின் அமைதிதான்.

அந்த அமைதியைப் பங்கிடுவது 1865இல் தந்திக்காகத் தோன்றிய சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதன் சாசனத்தின் 44ஆம் உறுப்புரை, மீடிறன்களையும் சுற்றுப்பாதைகளையும் எல்லைக்குட்பட்ட இயற்கை வளம் என்று சொல்கிறது. பெரும்பாலும் முந்தி விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. ஏழு ஆண்டுகளுக்குள் செய்மதியை வேலைக்குக் கொண்டுவர வேண்டும். சில பட்டைகளில் மட்டும் எல்லா நாட்டுக்கும் ஓரிடம் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஒதுக்கிய இடம் இருந்தாலும் அதில் செய்மதி நிறுத்தப் பணம் வேண்டும். அதனால் இலங்கை போன்ற நாடு பெரும்பாலும் பிறருடைய செய்மதியில் இடம் எடுக்கிறது. 2017 மே 5இல் இந்தியா ஏவிய தெற்காசியச் செய்மதியில் இலங்கையும் பங்காளி.

தாழ்ந்த பாதையில் ஆயிரக்கணக்காய்ப் பறக்கும் செய்மதிகள் இன்னொரு உலகம். 2024இல் திருத்தப்பட்ட சட்டம் வழிவிட்டு, 2025 ஜூலையில் செய்மதி இணையச் சேவையான ஸ்டார்லிங்க் இங்கே தொடங்கியது. 500 கிலோமீற்றரை ஒட்டிய உயரம்தான் என்பதால் தாமதம் சில பத்து மில்லிநொடி. நிலையான செய்மதி வழியே கேட்டுப் பதில் வர அரை நொடி ஆகும். பலரும் கவனிக்காத ஒரு புவியியல் உண்மை இதில் உண்டு. தாழ்செய்மதிகள், நிலையான செய்மதிகளின் வளையம் இருக்கும் திசையில் அலை அனுப்புவதைத் தவிர்த்தாக வேண்டும். கனடாவில் அந்த வளையம் தெற்கே அடிவானத்தை ஒட்டிக் கிடக்கிறது. கொழும்பில் அது கிழக்கிலிருந்து மேற்காகக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலால் போகிறது. ஆக, நம் வானத்தின் நடுப்பட்டையே விலக்கப்பட்ட பகுதி. போதாததற்கு 53 பாகைச் சாய்வில் சுற்றும் செய்மதிகள் 53 பாகை அகலக்கோட்டை ஒட்டித்தான் நெருங்கிக் கூடும். பூமத்திய கோட்டருகே ஐதாகும். எனவே, வடக்கு தெற்கு இரண்டு பக்கமும் திறந்த வானம் உள்ள இடமாகப் பார்த்துத் தட்டை வைக்க வேண்டும். தென்னை மறைத்தால் சில நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு விக்கும்.

விலை போடாத பட்டைகள்

2014 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்தது. 2015 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய 2013இல் அந்தச் சந்தையின் பெறுமதி 7 கோடியே 40 இலட்சம் யூரோ. ஆழ்கடலில் நம் நெடுநாள் படகுகள் எங்கே வலை போடுகின்றன என்று அரசால் காட்ட முடியாததும் முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்று. படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தியதும் தடை நீங்க வழிசெய்தது. 2016இல் சந்தை மீண்டும் திறந்தது. அந்தக் கருவி அனுப்புவது இடம், திசை, வேகம் மட்டும்; ஒரு செய்திக்குச் சில பத்து பைட் போதும். 1.6 கிகாஹேர்ட்ஸை ஒட்டிய சிறு கீற்று அலைக்கற்றையில் இந்தச் சொற்ப எண்கள் போகாவிட்டால், பேருவளையிலும் திக்கோவிற்றவிலும் இறங்கும் கெழவல்லா என்னும் சூரைமீனுக்கு ஐரோப்பிய விலை இல்லை. கருவி பேசாமல் போவதற்குக் காரணங்கள் எளியவை. அதன் தலைமேல் படங்கு விரித்திருப்பார்கள், அல்லது வலையைக் குவித்திருப்பார்கள். பற்றரி முனை உப்பில் அரித்திருக்கும். இல்லாவிட்டால் கட்டணம் கட்டப்பட்டிராது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது தொலைபேசி ஏன் மணிக்கணக்கில் செத்தது என்று மலையகத்தில் எல்லோரும் கேட்டார்கள். கோபுரம் சாய்வது அரிது. 48 வோல்ற்று, 200 அம்பியர் மணிப் பற்றரி 9.6 கிலோவாற்று மணியைத் தாங்கும். கோபுரம் இரண்டரை கிலோவாற்று இழுத்தால் நான்கு மணிநேரம்கூட நிற்காது. அதன்பின் மின்பிறப்பாக்கி, அதற்கு டீசல், டீசலுக்குப் பாதை, பாதை மண்சரிவில். கோபுரம் உயிரோடு இருந்தாலும், அதைக் கொழும்போடு இணைக்கும் பைபர் பாலத்தோடு அறுந்திருந்தால் ஊருக்குள்ளேகூடப் பேச முடியாது. ஒரு மாவட்டத்துக்குச் சில மையக் கோபுரங்களுக்காவது செய்மதி வழி இணைப்பும் இரண்டு நாள் மின்சாரமும் இருந்தால் இந்தச் சங்கிலி ஓரிடத்திலாவது நிற்கும்.

அந்த நாட்களில் மேகத்தைத் துளைத்து வெள்ளத்தைப் பார்க்கக்கூடியது ராடார் செய்மதி மட்டும். ஐரோப்பாவின் சென்டினல்-1, 5.405 கிகாஹேர்ட்ஸில் தானே அலை அனுப்பித் தெறிப்பதை வாங்குகிறது. நீர்ப்பரப்பு அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் வெள்ளம் கறுப்பாகத் தெரியும். படங்கள் இலவசம். அதைவிட அமைதியானது 23.8 கிகாஹேர்ட்ஸ். அங்கே வானிலைச் செய்மதிகள் ஒன்றையும் அனுப்புவதில்லை; வளியிலுள்ள நீராவி தானாக விடும் மெல்லிய அலையைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. மீடிறனை மாற்றிக்கொள்ள நீராவிக்கு வழியில்லை. பக்கத்துப் பட்டையில் 5ஜி கசிந்தால், மழை எவ்வளவு வரும் என்ற கணிப்பில்தான் பிழை போகும். 2019 உலக வானொலி மாநாட்டின் நீண்ட வாக்குவாதங்களில் ஒன்று இந்தக் கசிவின் எல்லை பற்றியதுதான்.

எல்லாவற்றிலும் சிறியது 406.0 முதல் 406.1 மெகாஹேர்ட்ஸ் வரையான துண்டு. ஒரு எஃப்எம் நிலையம் எடுக்கும் இடத்தில் பாதி. உலகம் முழுவதும் அது ஆபத்தை அறிவிக்கும் கருவிகளுக்கு மட்டுமே. படகு கவிழ்ந்தால் மிதக்கும் கருவி 50 நொடிக்கு ஒருமுறை அரை நொடி, 5 வாற்றில் தன் எண்ணைச் சொல்லும். செய்மதி அதைக் கேட்டுக் கரைக்கு அறிவிக்கும். பழைய 121.5 மெகாஹேர்ட்ஸ் கருவியைச் செய்மதிகள் 2009 பெப்ரவரி 1 முதல் கேட்பதில்லை; பாவித்த பொருளாக இன்னும் அது கிடைத்தால் வாங்கக்கூடாது. கருவியின் 15 எழுத்து எண்ணைப் படகின் பெயரோடும் கரையிலுள்ள ஒருவரின் தொலைபேசியோடும் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருடைய படகு என்று தேடுவதிலேயே நேரம் போகும். நீருக்குள் போனதும் கருவியைத் தானாக விடுவிக்கும் கொளுவிக்கு இரண்டு ஆண்டுதான் ஆயுள். பற்றரிக்குப் பொதுவாக ஐந்து. இரண்டு திகதிகளும் கருவியின் மேலேயே அச்சிட்டிருக்கும். துறைமுகத்தை விட்டுப் போக முன் அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.